பேண்டேஜ் துணி (சத்திரப்பட்டி)

பேண்டேஜ் துணி என்பது புண்ணின்மேல் கட்டுப்போடவும் அறுவைக் காயத்தை மூடவும் பயன்படும், சாயமேற்றாத மெல்லிய பருத்தித் துணி. இதைவிட இழை தளர்ந்து வலைபோல் இருப்பதைக் காஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் இத்துணிக்குப் பெயர்பெற்ற ஊர் விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்திலுள்ள சத்திரப்பட்டி. அதையொட்டிய சமுசிகாபுரம் முதலிய ஊர்களிலும் விசைத்தறிகள் இதற்காகவே ஓடுகின்றன. பல மாநில மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் இங்கிருந்து சரக்குப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலையும் பால்கோவாவையும் வைத்து இவ்வட்டாரத்தை அறிந்தவர்கள் மிகுதி. தம் காயத்தின்மேல் இருந்தது எந்த ஊர்த் துணி என்று அறிந்தவர்கள் குறைவு.

நூலும் தறியும்

ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் பருத்திக்குப் பேர்போனது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய பின் ஊரில் நூற்பாலைகள் பெருகின. நூல் பக்கத்திலேயே கிடைத்ததால் கிராமங்களில் நெசவு ஊன்றியது. பேண்டேஜ் துணிக்குச் சரிகையோ கரையோ வேண்டாம்; இழை எண்ணிக்கையும் எடையும் பிசகாமல் இருந்தால் போதும். யாரும் நெய்யக்கூடிய துணி என்பதால் விலைப் போட்டி கடுமை. அதன் சுமை கடைசியில் தறி ஓட்டுபவரின் கூலியில்தான் இறங்குகிறது. கூலி உயர்வு கேட்டுச் சத்திரப்பட்டித் தறிகள் வேலைநிறுத்தத்தில் நின்ற செய்தி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும்.

கோரா துணி

தறியிலிருந்து இறங்கும் கோரா துணியில் தண்ணீரைத் தெளித்தால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பருத்தி இழைக்கு இயற்கையிலேயே மெழுகுப் பூச்சு உண்டு. தறியில் பாவு அறுந்துபோகாமலிருக்க ஏற்றும் கஞ்சி அதன்மேல் இன்னொரு படலம். இந்த நிலையில் அது ரத்தத்தையும் உறிஞ்சாது, சீழையும் உறிஞ்சாது. காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்து மெழுகை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் வெளுத்து, காரம் போகும்வரை அலசி, உலர்த்திய பிறகே நீரை இழுக்கும் குணம் வருகிறது. இதைச் சோதிக்கும் முறை எளியது. துணியை மெதுவாகத் தண்ணீர்ப் பரப்பில் விட வேண்டும். 10 நொடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் மெழுகோ கஞ்சியோ மிச்சமிருக்கிறது என்று பொருள்.

ஈரமும் பூசணமும்

நீரை இழுக்கும் துணி காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது பருத்தியின் இயல்பு, குறையல்ல. சித்திரை வெயிலில் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால்தான் தொல்லை. அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பேல் கட்டி அடுக்கினால், கஞ்சியும் மிச்சமிருந்தால், பூஞ்சைக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இதே விதிதான்: நீரைச் சுண்டவைத்ததால் சில நாள் நிற்கிறது, ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கிறது. ஆனால் கோவாவில் பூசணத்தைக் கண்டதும் தூக்கி எறிந்துவிடுவோம். துணியில் கறை தெரிவதற்கு வெகுமுன்பே வித்துகள் பரவியிருக்கும்.

இது வீண் பயமல்ல. 1970களின் இறுதியில் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில், காயத்துக் கட்டின்மேல் ஒட்டிய இழுவைப் பிளாஸ்திரியிலிருந்து ரைசோபஸ் என்ற பூஞ்சை நோயாளிகளின் தோலில் தொற்றியது. கொரோனாக் காலத்தில் கருப்புப் பூஞ்சை என்று நாம் கேள்விப்பட்ட நோயும் பெரும்பாலும் இதே இனத்தால் வருவதுதான். உள்ளே வைத்த காஸ் சுத்தமாக இருந்தும் மேலே ஒட்டியது கெடுத்துவிட்டது.

வெளுப்பு வேறு, நுண்ணுயிர் நீக்கம் வேறு

வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கை ஆழமானது. வேகவைத்தலிலும் வெளுப்பிலும் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுவது உண்மையே. ஆனால் அதன் பிறகு துணியைக் காயப்போடுகிறார்கள், மடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள், சுருட்டுகிறார்கள். தூசியும் கைகளும் அதைத் தொட்டபடியே இருக்கின்றன. இரணஜன்னியை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கைத்தறிக் காஸுக்கான ஐ.எஸ். 758, பேண்டேஜ் துணிக்கான ஐ.எஸ். 863 ஆகிய இந்தியத் தர நிர்ணயங்களின் தலைப்பிலேயே 'நான்-ஸ்டெரைல்', அதாவது நுண்ணுயிர் நீக்கப்படாதது, என்ற சொல் இருக்கிறது. தறியிலிருந்து நேரே காயத்துக்குப் போகும் துணி அல்ல இது. நடுவில் ஒரு கட்டம் உண்டு. அது பெரும்பாலும் மருத்துவமனையில் நடக்கிறது.

ஆட்டோகிளேவ்

பாஸ்டரின் உதவியாளரான சார்ல்ஸ் சாம்பர்லாந்து 1879இல் உருவாக்கிய ஆட்டோகிளேவில் இன்றும் துணி வேகிறது. அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடத்தில் முடியும் வேலைக்கு, ஈரமில்லாத சூட்டடுப்பில் 160 டிகிரியில் 2 மணி நேரம் தேவை. நீராவி துணியைத் தொட்டு நீராகும்போது கிலோவுக்குச் சுமார் 2,200 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. அந்த ஈரச்சூட்டில் நுண்ணுயிரின் புரதங்கள் விரைவில் திரைந்துபோகின்றன. மழைக்காலத்தில் துணியைக் கெடுத்த அதே ஈரம் இங்கே கிருமியைக் கொல்லும் ஆயுதம்.

நடைமுறையில் பிழை நேருவது சூட்டில் அல்ல, அடுக்குவதில். ஆட்டோகிளேவில் வைக்கும் டிரம்மில் காஸைத் திணித்துவிட்டால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்றிருக்கும் இடத்தில் நீராவி நுழையாது. வெளியில் உள்ள மானி 121 காட்டும், நடுமடிப்பு வெதுவெதுப்பாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க 1963இல் எடின்பரோவில் போவி, டிக் இருவரும் வகுத்த சோதனை உலகமெங்கும் வழக்கில் இருக்கிறது. துணி அடுக்கின் நடுவே வைத்த குறித்தாள் முழுக்க ஒரே நிறமாக மாறாவிட்டால் காற்று வெளியேறவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது பிழை, ஈரம் போகும் முன்னே வெளியே எடுப்பது. நனைந்த கட்டு வழியே பாக்டீரியா திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே ஏறிவிடும். ஆகவே ஈரமாக வெளிவந்த பொட்டலத்தை அறுவை அரங்குக்குள் அனுமதிக்கக் கூடாது. திரும்ப உலர்த்தினாலும் செல்லாது, மறுபடி முழுச் சுற்றும் ஓட்டியே ஆக வேண்டும். அவசரமான நாளில் இந்த விதியை மதிக்கிற இடம்தான் நல்ல மருத்துவமனை. இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. சருகாகக் காய்ந்த துணியை உள்ளே வைத்தால் அது நீராவியின் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சித் தானே சூடேறும். அப்போது சுற்றியுள்ள ஆவி உலர்ந்த ஆவியாகிக் கொல்லும் வலிமையை இழக்கும்.

தொழிற்சாலையிலேயே நுண்ணுயிர் நீக்கி உறையிடுவதானால் எத்திலீன் ஆக்சைடு வாயு அல்லது காமா கதிர். அந்த வாயுவும் ஓரளவு ஈரப்பதம் இல்லாமல் சரியாக வேலை செய்யாது. மருத்துவப் பொருள்களுக்கான காமா நிலையம் இந்தியாவில் 1974இல் டிராம்பேயில் ஐசோமெட் என்ற பெயரில் தொடங்கியது.

எண்ணெய் ஊசிமருந்து

நீராவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதை எண்ணெய் ஊசிமருந்துகள் காட்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசிகள் நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய் போன்றவற்றில் கரைத்துச் செய்யப்படுகின்றன. மூடிய குப்பியிலுள்ள எண்ணெயில் நீர் இல்லை. ஆட்டோகிளேவில் வைத்தாலும் உள்ளே நடப்பது உலர்சூடு மட்டுமே. 15 நிமிடம் அதற்குப் போதாது. ஜிம்களில் கைமாறும், வீட்டில் தயாரித்த ஸ்டீராய்டு ஊசிகளின் ஆபத்துகளில் இது ஒன்று. எண்ணெயில் ஈரம் புகுந்தால் கலங்கும், மருந்து சிதையும், கிருமியும் பிழைக்கும். வடிகட்டி விட்டோம் என்ற சமாதானமும் உதவாது: மிக நுண்ணிய வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், செத்த பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சை நிறுத்தாது. தெளிந்த எண்ணெய்க்கும் நுண்ணுயிர் நீங்கிய எண்ணெய்க்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது. புட்டத்திலும் தொடையிலும் சீழ்க்கட்டி வந்து அறுத்து எடுப்பதில் இத்தகைய ஊசிகள் முடிவதுண்டு.

உரிமம் பெற்ற இடத்திலேயே தவறு நடந்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கலவை மருந்தகம் ஒன்று தயாரித்த மெத்தில்பிரட்னிசலோன் ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை இருந்தது. முதுகுவலிக்குப் போட்டுக்கொண்டவர்களுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்தது. 20 மாநிலங்களில் 753 பேர் பாதிக்கப்பட்டதாகவும் அவர்களில் 64 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. 2023இல் சென்னையை அடுத்த ஓர் ஆலையில் தயாரான கண் சொட்டுமருந்து அமெரிக்காவில் சூடோமோனாஸ் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. பயிற்சி பெற்ற ஆட்களும் சோதனைக்கூடமும் உள்ள இடங்களில் நடந்தவை இவை. சமையலறையில் இவை எதுவுமே இல்லை.

சட்டமும் உறையும்

கட்டுத்துணிகளின் தரத்தை மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளின் எஃப்-2 அட்டவணை வரையறுக்கிறது. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் தனியாக வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்து என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. சத்திரப்பட்டித் துணியின் தரத்தை வாங்குபவர் இழை எண்ணி, எடைபோட்டு, தண்ணீரில் மூழ்கவிட்டுப் பார்க்கலாம். நுண்ணுயிர் நீங்கியதா என்பதை அப்படிப் பார்க்க முடியாது. உறையில் அச்சிட்டதை நம்புவதுதான் ஒரே வழி. மருந்துக்கடையில் காஸ் வாங்கும்போது உறையில் ஸ்டெரைல் என்ற சொல், நீக்கிய முறை, காலாவதித் தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறை கிழிந்திருந்தாலோ நனைந்திருந்தாலோ அதைத் திறந்த காயத்தின்மேல் வைக்காதீர்கள்.