மலைக்காட்டுத் தேவாங்கு: ஒரு நிழற்படத்தின் வரலாறு

வரலாற்றுக்குச் சான்று வேண்டும். மன்னர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. வணிகர்களுக்கு நாணயமும் பானையோடும் உண்டு. ஒரு சாண் நீளமே உடைய, இரவில் மட்டுமே வெளிவருகின்ற, மழைக்காட்டின் கிளைகளுக்குள் ஓசையின்றி ஊர்ந்து மறைகின்ற ஓர் உயிருக்கு எது சான்று? இலங்கையின் மலைக்காட்டுத் தேவாங்கை முன்வைத்து இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

இலங்கையின் நடுமலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஹோர்ட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கிய நிலம் இது. மகாவலியும் களனியும் வளவையும் இம்மலைப்பகுதியிலேயே ஊற்றெடுக்கின்றன. புல்வெளிகளைச் சூழ்ந்து, பாசி படர்ந்த குட்டை மரங்களும் கலையாத மூடுபனியுமாக முகிற்காடு நிற்கிறது.

1937ஆம் ஆண்டில் இங்கே ஒரு தேவாங்கு கண்டறியப்பட்டது. தாழ்நிலத்துத் தேவாங்கின் கை கால்கள் மெலிந்து நீண்டவை. இதன் கை கால்களோ குட்டையானவை, உறுதியானவை. உடலெங்கும் அடர்ந்த உரோமம். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஆஸ்மன் ஹில், 1942இல் இதனைத் தனிக் கிளையினமாக வரையறுத்து ‘நிக்டிசெபாய்டிஸ்’ என்று பெயரிட்டார். தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் பருத்த தேவாங்கை ஒத்தது என்பது அப்பெயரின் பொருள். அதன் பின்னர் இவ்விலங்கு அறிஞர் கண்ணிலிருந்து மறைந்தே போயிற்று. 1939 முதல் 2002 வரை ஒருவரும் கண்டதாகப் பதிவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். பெயர் இருந்தது, பாடம் செய்த தோல் இருந்தது, உயிர்தான் இருக்கிறதா என்பது தெரியவில்லை!

காட்டு விலங்குகளை இரவில் படமெடுக்கும் கலை அக்காலத்திலேயே வளர்ந்திருந்தது அல்லவா? உண்மைதான். அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் ஒளிப்பொடியை வெடிக்கச் செய்து எடுத்த மான்களின் படங்கள் 1906இலேயே ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழில் வெளிவந்தன. வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, அது இடறியதும் தானே படம் பதியுமாறு அமைத்தார். அப்படங்களைக் கொண்ட அவருடைய நூல் 1927இல் வெளியாயிற்று.

ஆயினும் புலிக்குப் பயன்பட்ட உத்தி தேவாங்குக்குப் பயன்படவில்லை. புலிக்கு நிலத்திலே தடம் உண்டு. தேவாங்குக்குக் கிளைகளின் பின்னலே வழி. அது தாவுவதில்லை, ஒவ்வொரு கிளையாகப் பற்றிப் பற்றி நகரும். ஐயம் தோன்றினால் அசைவற்று உறைந்துவிடும். அதனைக் காட்டிக்கொடுப்பவை அதன் கண்களே. விழியின் பின்புறத்து ஒளிபடலம், விளக்கொளியைச் செம்பொறியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஆய்வாளர்கள் விலங்கைக் கலவரப்படுத்தாத சிவந்த ஒளி விளக்கை நெற்றியிற் கட்டிக்கொண்டு, மழையிலும் பனியிலும் மெல்ல நடந்து, அந்த இரு பொறிகளைத் தேடுகின்றனர். 2002இல் கிடைத்ததும் அத்தகைய ஒரு கணநேர விழியொளியே. அதைப் படமெடுக்க இயலவில்லை.

பின்னர் இலண்டன் விலங்கியல் சங்கமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் இணைந்து தேடலில் இறங்கின. 120 காட்டுப்பகுதிகளில் 1,000க்கும் மேற்பட்ட இரவு ஆய்வுகள் நிகழ்ந்தன. அவற்றின் பயனாக, கிளையொன்றில் அமர்ந்திருக்கும் சுமார் 20 செ.மீ. நீளமுள்ள ஆண் தேவாங்கின் படம் 2010 ஜூலையில் உலகுக்கு வெளியிடப்பட்டது. அதுவே இவ்விலங்கின் முதல் நிழற்படம். கண்டறிந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அதன் முகத்தை உலகம் பார்த்தது! அதுவரை அதன் இருப்புக்குச் சான்றாக நின்றது அதன் இறந்த உடல். இப்போதோ, அதன் உயிரைப் பறிக்காமலேயே ஒரு சான்று கிடைத்தது. இதனையே அப்படத்தின் பெருமையாக நாம் கருதுகிறோம்.

அப்படம் இத்துணைக் காலம் தாழ்ந்ததற்கு விலங்கின் நாணம் மட்டுமே காரணமன்று. தேடுவதற்குக் காடே அருகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காக மலைச்சரிவுகள் வெட்டவெளியாயின. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பியை வீழ்த்தியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தாவரவியலறிஞர் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று 1873இல் ஆணை பிறந்திராவிட்டால் எஞ்சியதும் போயிருக்கும். சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. காடழிந்த சரிவுகளில் குழிவெட்டிச் செடி நட்டவை தமிழகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஏழை உழைப்பாளரின் கைகள். ஆணையிட்டவர் வேறு, இலாபம் கண்டவரும் வேறு. அக்குளிரில் மடிந்த மனிதருக்கும் அக்காட்டில் மறைந்த விலங்குக்கும் இடமளிக்காத கணக்கேடு ஒன்றுதான்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் பேச்சுவழக்கில் ‘தேவாங்கு’ என்பது மெலிந்தவரைப் பழிக்கும் வசைச்சொல். அதன் கண்கள் மருந்தாகும், வசிய மையாகும் என்ற நம்பிக்கையில் அவ்விலங்கு கொல்லப்பட்டும் வந்தது. இருளில் அதனைக் காட்டிக்கொடுக்கும் அதே கண்கள்! இந்நிலை மெல்ல மாறுகிறது. அதன் வறள்நிலத்து உறவினமான சாம்பல்நிறத் தேவாங்குக்கெனக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் சரணாலயத்தைத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே.

ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு தனியினமா, கிளையினமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். அந்த வாதம் தொடரட்டும். துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் அம்மலைக்காடுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும் என்பதே முதன்மையான தேவை. தாவத் தெரியாத விலங்கு அது. இரு காடுகளுக்கு இடையே வெட்டவெளி வந்துவிட்டால் அதனால் கடக்க இயலாது.