மருத்துவர் நாவும் உறவினர் செவியும்

நோயாளியின் மறையை வெளியிடலாகாது என்னும் நெறி, கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே காணப்படுகின்றது. ஆயினும், அம்மறையை அறிய விழைபவர் நோயாளியின் உறவினரே ஆயின் யாது செய்வது? 1896ஆம் ஆண்டு இலண்டன் நீதிமன்றத்தில் இவ்வினா ஒரு குடும்ப வழக்காகவே எழுந்தது.

வில்லியம் பிளேபேர் அந்நாளில் பெரும்புகழ் பெற்ற மகப்பேற்று மருத்துவர். கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர். அவர் மனைவியின் உடன்பிறந்தாரான ஆர்தர் கிட்சன் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஆர்தரின் மனைவியோ பிள்ளைகளுடன் இலண்டனில் தங்கியிருந்தார். 1894இல் அவ்வம்மையார் நோயுற்றபோது, அவருடைய மருத்துவர் பிளேபேரையும் துணைக்கு அழைத்தார். நாத்தனாரின் கணவர்தாமே என்று அம்மையார் அஞ்சாதிருந்திருக்கலாம். பரிசோதித்த பிளேபேர், அண்மையில் கருச்சிதைவு நேர்ந்துள்ளது என்று முடிவு கட்டினார். கணவனோ கடலுக்கு அப்பால்!

அவர் அதனைத் தம் மனைவியிடம் கூறினார். செய்தி குடும்பத் தலைவரான சர் ஜேம்ஸ் கிட்சனை எட்டியது. அம்மையாருக்கு அளித்துவந்த பொருளுதவியை அவர் நிறுத்திவிட்டார். மானமும் போயிற்று, பிள்ளைகளை வளர்க்கும் வழியும் அடைபட்டது.

அம்மையார் அவதூறு வழக்குத் தொடுத்தார். மறைகாப்பை மீறியதற்கென்று தனி வழக்கன்று அது என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். மனைவி மக்களின் நற்பெயரைக் காப்பது தம் கடமை என்று பிளேபேர் வாதிட்டார். புகழ்வாய்ந்த மருத்துவர்களும் அவர் பொருட்டுச் சாட்சியம் அளித்தனர். நடுவர் குழு அதனை ஏற்கவில்லை. 12,000 பவுன் இழப்பீடு விதிக்கப்பட்டது. பின்னர் இரு தரப்பாரின் உடன்பாட்டால் அத்தொகை குறைந்தது.

மனைவியிடம் சொல்வது ஊரிடம் சொல்வதாகுமா என்று நம்மவர் கேட்கக்கூடும். ஆனால் அம்மையாரின் வாழ்வைக் குலைத்தவர் ஊரார் அல்லர், உறவினரே. அயலான் அறிந்தால் ஏளனம் செய்வான். குடும்பத் தலைவர் அறிந்தாலோ சோற்றுக்கே வழியடைக்க முடியும். குடும்பத்தாருக்கு எதையும் அறியும் உரிமை உண்டு என்போர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை.

நம் இல்லங்களிலும் தந்தையின் நோயை மருத்துவர் முதலில் மூத்த மகனிடம் கூறுவதும், "அப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்" என்று மகன் வேண்டுவதும் புதியன அல்ல. அன்பினால் எழும் வேண்டுகோள்தான். எனினும், யாரிடம் சொல்லலாம் என்று படுக்கையில் தெளிந்த அறிவோடு கிடப்பவரை அங்கே எவரும் கேட்பதில்லை. கிட்சன் அம்மையாரையும் எவரும் கேட்கவில்லை.