காலி செய்யச் சொன்ன சர்க்கார்

தாம்பரம் ஸ்டேஷனைப் பார்க்கும்போதெல்லாம் என் எண்ணம் 1942 ஏப்ரலுக்குப் போய்விடும். சென்னையிலிருந்து தெற்கே ஓடிய ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் இந்த வழியாகத்தானே போனார்கள்?

அசைக்க முடியாத கோட்டை என்று சர்க்கார் சொல்லி வந்த சிங்கப்பூர் பிப்ரவரி 15-ந் தேதி விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் போயிற்று. பர்மாவிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்த தமிழர்களின் பேச்சுக்கு முன்னால் சர்க்கார் அறிக்கைகள் எடுபடவில்லை. ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. உடனே, முக்கிய வேலை இல்லாதவர்கள் சென்னையை விட்டுப் போய்விடலாம் என்றது சர்க்கார். அதோடு நின்றதா? சர்க்கார் ஆபீஸ்களே வெளியூருக்குக் கிளம்பிவிட்டன! ஜப்பானியப் படையோ வரவே இல்லை.

ஆபத்து என்று சொல்லும் சர்க்காரை ஜனங்கள் வெறுப்பதில்லை. கூட நின்றால் நம்பவும் செய்வார்கள். தைரியம் சொல்லிவிட்டுத் தானே முதலில் ஓடுவதைத்தான் மன்னிப்பதில்லை. ஏப்ரலில் ஜனங்களை வெளியேறச் சொன்னது சர்க்கார். ஆகஸ்டில் சர்க்காரை வெளியேறச் சொன்னார்கள் ஜனங்கள்.