நீலமலை உச்சியும் ஜினாலயக் கல்வெட்டும்

குன்னூருக்கு வரும் உறவினரை உதகைக்கு அழைத்துச் செல்லும் நம் குடும்பத்தார் தவறாது காட்டும் இடம் தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரமுடைய இச்சிகரம் தமிழகத்தின் மிக உயர்ந்த மலைமுடியாகும். கன்னடத்திலும், அதனோடு நெருங்கிய உறவுடைய படுகர் மொழியிலும் 'தொட்ட' என்றால் பெரிய. 'பெட்ட' என்றால் மலை. பெரியமலை என்பதே இப்பெயரின் பொருள்.

இச்சிகரத்தைத் தாங்கி நிற்கும் மலைத்தொடரின் பெயரோ நீலகிரி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி மலை முழுவதையும் நீலமாக்குவதால் இப்பெயர் வந்தது என்பர். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் வடதிசை நோக்கிச் சென்ற செங்குட்டுவன் நீலகிரியில் தங்கியதாகக் கூறப்படுகிறது. அது வேறு மலை என்று கருதுவோரும் உண்டு.

ஐயத்திற்கு இடமின்றி இம்மலையைக் குறிக்கும் பழஞ்சான்று ஒரு ஜினாலயத்தில் கிடைத்துள்ளது என்பது நாம் அறிந்து போற்றத்தக்க செய்தியாகும். நீலகிரிக்கு வடக்கே, கர்நாடகத்துச் சாமராஜநகரில் உள்ள பார்சுவநாதர் பசதியே அவ்வாலயம். அதனைக் கட்டுவித்தவர் போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் தண்டநாயகரும் ஜின பக்தருமான புணிசர். கி.பி. 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அவர் தோடரை அச்சுறுத்தி, நீலமலையினுள் புகுந்து, அதன் உச்சியை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினார் என்கிறது. அவ்வுச்சி தொட்டபெட்டாவே எனக் கருதுவர். தோடர் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றும் இதுவே.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு இப்போர்ப் புகழ்ச்சி நெருடலாகவே இருக்கும். அதனை மறைத்துப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. தோடர் பக்கத்தில் இருந்து எழுதியோர் அன்று எவருமிலர். அவர்களுடைய அச்சம் மட்டுமே வென்றவரின் கல்லில் பதிந்துள்ளது. ஆயினும் அக்கல்வெட்டு மற்றொன்றையும் கூறுகிறது. பொருளிழந்து நொடித்த வணிகருக்கும், விதைக்க விதையில்லாத உழவருக்கும் இழந்ததை அளித்து ஆதரித்தார் புணிசர் என்பதே அது. வாளின் வெற்றியும் ஈகையின் சிறப்பும் ஒரே கல்லில் நிற்கின்றன. எதனைப் பின்பற்றுவது என்பது நம் கையில் உள்ளது.

வெற்றித் திருமகளுக்கு அளிக்கப்பட்ட உச்சி அவள் பெயரைப் பெறவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. வென்றவர் அளித்த காணிக்கை கல்லில் மட்டும் தங்கியது. மலையின் மடியில் உழுது வாழ்ந்தவர் அண்ணாந்து பார்த்து, எவருடைய உடைமையும் ஆக்காமல், 'பெரியமலை' என்றனர். அவ்வெளிய பெயரே நிலைத்தது. பற்றின்மையை வலியுறுத்தும் நம் அறத்திற்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுமோ? அடுத்த முறை தொட்டபெட்டாவில் நிற்கும்போது, வடக்கே உள்ள அந்த ஜினாலயத்தைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.