பழவேற்காட்டில் பங்கும் பாடும்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்பது பெயர். 'காயின்' என்பது மலாய் மொழியில் துணியைக் குறிக்கும். 'பெலிக்காட்' என்பது நம் பழவேற்காடேயாகும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தின் அருகே இன்று மீனவர் குப்பங்களால் சூழப்பட்டுக் கிடக்கும் ஒரு சிற்றூரின் பெயர், கடல் கடந்த நாட்டில் ஒரு துணியின் பெயராக நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைத் தந்த வணிகம் மட்டும் ஊரில் நிலைக்கவில்லை. அதே ஊரின் மீனவர், ஏட்டில் எழுதாத ஒரு பங்கீட்டு முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றனர். ஒரே நீர்க்கரையில் ஒன்று அழிய மற்றொன்று நின்ற காரணம் ஆராயத்தக்கது.

ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவிய ஆண்டு 1602. அவர்கள் நாடி வந்தவை மொலுக்கஸ், பண்டா முதலிய தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் ஆகும். ஆனால் அத்தீவினர் நறுமணப் பொருளுக்கு மாற்றாக விரும்பிக் கேட்டது வெள்ளியைவிடச் சோழமண்டலத்துத் துணியையே. கடற்கரை மணற்பாங்கில் விளையும் சாயவேர் தந்த சிவப்புக்கு அங்கே பெருமதிப்பு இருந்தது. துணி இல்லையேல் கிராம்பு இல்லை என்பதை உணர்ந்த ஒல்லாந்தர், 1610இல் விசயநகர மன்னர் வேங்கடபதிராயரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் கிடங்கு அமைத்தனர். போர்த்துகீசியர் 1612இல் அதனைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே அங்கு ஒரு கோட்டை எழுந்தது. அப்போதைய தலைவர் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்டிரியா எனப் பெயரிட்டார்.

கோட்டை கட்டினால் மட்டும் துணி வந்துவிடாது. நெசவாளர் உள்நாட்டு ஊர்களில் வாழ்ந்தனர். அவர்களுக்கு முன்பணம் தரவேண்டும்; நீள அகலமும் சாயமும் குறித்துக் கொடுக்கவேண்டும்; மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; வழியெங்கும் சுங்கத்திற்கும் அதிகாரிகளுக்கும் ஈடு சொல்லவேண்டும். மொழியும் உறவும் அறியாத அயலாருக்கு இவை கைகூடா. அந்த இடைவெளியில் உயர்ந்தவரே அச்சுதப்பச் செட்டி. ஒல்லாந்தர் ஆவணங்கள் இவரை 'மலாயா' என்னும் அடைமொழியோடு குறிக்கின்றன. மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் தொடங்கிய இவர், பின்னர்த் தம் சொந்தக் கப்பல்களைத் தென்கிழக்காசியத் துறைகளுக்கு அனுப்புமளவு வளர்ந்தார். 1634இல் இவர் மறைந்தபின் தம்பி சின்னண்ணச் செட்டி அவ்விடத்தைப் பெற்றார். நெசவூர்களில் உறவு, நாயக்கர் அவையில் செல்வாக்கு, கோட்டையில் நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கையாண்டதே இவர்களின் உத்தி. குடும்பத்தின் பண்பாடும் தொழிலின் திட்டமும் அங்கே வேறு வேறாக இருக்கவில்லை.

ஒரு குடும்பத்தின் கையில் எல்லாம் இருப்பது ஒல்லாந்தருக்கு நாளடைவில் உறுத்தியது. அக்குடும்பம் நொடித்தால் கொடுத்த முன்பணம் மூழ்கும்; அது செழித்தாலோ விலையை அதுவே வகுக்கும். எனவே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழவேற்காடு முதலிய துறைகளில் வணிகர் பலரைச் சேர்த்துக் கூட்டுப்பங்கு நிறுவனங்களை அவர்கள் உருவாக்கினர். ஒவ்வொரு வணிகரும் தம் ஆற்றலுக்கேற்ப முதல் இடுவார். திரண்ட முதலைக் கொண்டு துணி கொள்முதல் செய்யப்படும். ஊதியம் பங்கின் அளவிற்கேற்பப் பிரிக்கப்படும். ஆங்கிலேயரும் பின்னர்ச் சென்னையில் இதனைப் பின்பற்றினர். பங்குச் சந்தை அண்மைக்காலத்து இறக்குமதி எனக் கருதுவோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம்.

ஆயினும் இந்நிறுவனங்கள் தாமாக வளர்ந்து ஓங்கவில்லை. வடிவம் ஒல்லாந்தருடையது, அதனுள் இயங்கியதோ சாதித் தலைமையும் உறவுமுறையும். அதுவொன்றே தடையாக இருந்திராது. உறவின் நம்பிக்கைதான் கடனை எளிதாக்கியது. உண்மையான தடை வேறு. ஒல்லாந்தர்க்கே துணியை விற்கவேண்டும், அவர்கள் ஒதுக்கிய துணியின் இழப்பையும் வணிகரே ஏற்கவேண்டும் என்னும் பிணைப்பு அது. முதலும் இழப்பும் வணிகர்க்கு உரியவை. யாருக்கு விற்பது என்னும் முடிவு மட்டும் கோட்டைக்குள் இருந்தது. அவ்வாறு கட்டுண்ட முயற்சி, கட்டியவன் நகர்ந்த நாளில் சாய்வது இயல்பே.

அக்கோட்டையின் கணக்கில் துணி மட்டும் இல்லை. வெடிமருந்து ஆலையொன்று அங்கு இயங்கியது. பஞ்சக் காலங்களில் வயிற்றுக்கில்லாமல் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்ட ஏழைகள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் படேவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இன்றும் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் செதுக்கு வேலைப்பாட்டைக் கண்டு வியப்போர், கல்லறை இல்லாமல் போனவர்களையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

1690இல் ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். இடையில் ஒருமுறை பழவேற்காடு மீண்டும் தலைமையிடமானாலும் பழைய வாழ்வு திரும்பவில்லை. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

துறைமுகம் ஓய்ந்தது, ஏரி ஓயவில்லை. உயிர்க்கொலை நீத்தாரின் இல்லங்களில் மீன்தொழில் பற்றிய பேச்சு உவப்பாயிராது. எனினும் அங்குள்ள பங்கீட்டு நெறி அறிதற்குரியது. கடலில் பிறக்கும் இறால்குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைந்து வளர்கிறது. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகிறது. எனவே முகத்துவாரத்தை அடுத்த இடங்களே வளம் மிக்கவை. எல்லோரும் அங்கே வலை கட்டினால் சண்டை மூளும். இதனைத் தவிர்க்கப் பட்டினவர் வகுத்த ஏற்பாடே 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்னும் மூன்று ஊர்களும் குறிப்பிட்ட வலையிடங்களை முறைவைத்துப் பயன்படுத்தும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பர். மாதாகுப்பத்தார் கிறித்தவர், ஆயினும் முறையில் வேறுபாடில்லை.

பாட்டு உரிமை தலைக்கட்டுக்கு உரியது. தலைக்கட்டு என்பது ஊர் வரியும் ஊர்க் கடமையும் ஏற்ற குடும்பத்தலைவரைக் குறிக்கும். ஒல்லாந்தர் காலத்துப் பங்கோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். பங்கு பணத்தால் வந்தது. பாடு ஊரில் ஒருவராக இருப்பதால் வருகிறது. நல்ல இடம் இன்று ஒருவர்க்கு, நாளை வேறொருவர்க்கு. இதனால் பெருஞ்செல்வர் எவரும் தோன்றவில்லை. முற்றிலும் கைவிடப்பட்டவரும் அவ்வட்டத்துள் அரிது. இதை வளர்ச்சியின்மை என்று சொல்வது பொருந்தாது. அடுத்த ஆண்டும் இறால் இருக்கவேண்டும் என்னும் கணக்கும் ஒரு திட்டமே.

ஆனால் அவ்வட்டத்திற்கு வெளியே நின்றோர் பலர். பட்டினவர் அல்லாத மீனவர்க்கும், நீரில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் பாட்டில் இடமில்லை. உறைய வைத்த இறாலுக்கு வெளிநாடுகளில் விலை ஏறியபோது இக்குறை வெடித்தது. நைலான் வலை வந்தது. வணிகர் முன்பணத்தோடு வந்தனர். 'ஏரி எங்களுக்கும் உரியதன்றோ?' என்று பிற ஊரார் கேட்டனர். அக்கேள்விக்குப் பழைய வழக்கத்தை மட்டும் விடையாகக் கூறுவது நியாயமாகாது. மோதலும் பேச்சும் மாறிமாறி நடந்தன. முன்பணம் வாங்கிய மீனவர் அதே வணிகர்க்கே விற்கவேண்டிய நிலை, முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய நெசவாளர் நிலையினின்று வேறுபட்டதன்று.

அதனினும் பெரிய இடர் கரையில் தோன்றிற்று. 1990களில் பெருநிறுவனங்கள் கடலோரமெங்கும் இறால் பண்ணைகளை வெட்டின. நன்னீர் உவர்த்தது, கழிவு நீர்நிலைகளில் கலந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் அத்தகைய பண்ணைகள் கூடாது எனக் கூறிய தீர்ப்பு, சில்கா ஏரியையும் பழவேற்காட்டு ஏரியையும் பெயர் சுட்டி, அவற்றின் 1,000 மீட்டர் எல்லைக்குள்ளும் அவற்றைத் தடுத்தது. வழிவழி வந்த முறைகள் இத்தடையால் பாதிக்கப்படவில்லை.

இன்று ஏரியின் கவலை முகத்துவாரம் பற்றியது. மணல் சேர்ந்து அது அடைபடுந்தோறும் இறால்குஞ்சு உள்ளே வருவதில்லை. படகும் கடலுக்குப் போவதில்லை. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தபின் கரையோர மணலோட்டம் குறித்த அச்சம் மீனவரிடையே வளர்ந்துள்ளது. முகத்துவாரம் தூராமல் காக்கக் கல்சுவர் எழுப்பும் பணியை அரசு மேற்கொண்டது. வாயில் அடைபட்ட பருவத்தில் வலை நடக் கழி இருந்தும் பயனில்லை. சீட்டில் நல்ல இடம் விழுந்தவரும் விழாதவரும் ஒரே கரையில் காத்திருக்கின்றனர்.