முறைசார் ஆய்வுத் தொகுப்பு

ஒரே வினாவுக்கு விடை தேடி உலகின் பல பாகங்களில் நடந்த ஆராய்ச்சிகள் அனைத்தையும், முன்கூட்டியே வகுத்து வெளியிட்ட விதிகளின்படி தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் தகுதியையும் சோதித்து, ஏற்கத்தக்கவற்றின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறை முறைசார் ஆய்வுத் தொகுப்பு எனப்படும். அறிஞர் ஒருவர் தாம் படித்த கட்டுரைகளைக் கொண்டு தம் அபிப்பிராயத்தை எழுதும் பழைய வழக்கில், உவப்பானதை எடுத்து உவப்பற்றதை விடும் சுதந்திரம் அவருக்கு இருந்தது; இம்முறையில் அச்சுதந்திரம் இல்லை. பயன் காட்டிய ஆய்வுகளே எளிதில் பிரசுரமாகின்றன ஆதலின், அச்சேறாதவற்றையும் தேடிச் சேர்ப்பது இதன் கடமைகளுள் ஒன்று.

சிகிச்சையின் பயனை, நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் பரிசோதனைகளாலேயே அறிதல் வேண்டும் என்று 1972-இல் ஒரு நூலில் வற்புறுத்திய பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் (1909–1988), அப்பரிசோதனைகளைத் துறைவாரியாகத் திரட்டி, விமரிசித்து, காலந்தோறும் புதுப்பிக்கும் ஏற்பாடு மருத்துவ உலகில் இல்லாமை பெருங்குறை என்று 1979-இல் எழுதினார். அக்குறை நீங்க முன்னின்று உழைத்தவர் இயன் சால்மர்ஸ். அவர் முயற்சியால் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மையமும், 1993-இல் காக்ரேன் பெயரால் சர்வதேசக் கூட்டமைப்பும் தோன்றின. அதன் தெற்காசியக் கிளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்தது.

இவ்வேற்பாட்டின் அவசியத்தைக் குறைமாதச் சிசுக்களின் வரலாறு போல் உணர்த்துவது வேறில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் செம்மறியாடுகளின் பிரசவத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மோன்ட் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்றுப் பிறந்த குட்டி, உயிர் தரிக்க இயலாத இளம் பருவத்ததாயிருந்தும் மூச்சுவிடக் கண்டார். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மாரிடம் அம்மருந்தைப் பரிசோதித்து, சிசுக்களின் மூச்சுத்திணறலும் மரணமும் குறைந்ததை 1972-இல் வெளியிட்டார். பின்னர் நடந்த பரிசோதனைகளுட் பல சிறியவை. தனித்தனியே நோக்கியவர்க்கு அவை திடமான பிரமாணமாகத் தோன்றவில்லை. 1989-இல் தொகுத்துப் பார்த்தபோதுதான் பயன் ஐயமறத் தெரிந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் குழு அம்மருந்தைப் பரவலாக வழங்கப் பரிந்துரைத்ததோ 1994-இல். காக்ரேன் இலச்சினையிலுள்ள கிடைக்கோடுகள் ஏழும் அப்பரிசோதனைகளுள் ஏழைக் குறிப்பன. கீழேயுள்ள சாய்சதுரம் அவற்றின் கூட்டு முடிவு. எண்கள் கைவசம் இருந்தும் அவற்றைக் கூட்டிப் பார்ப்பாரின்றிக் கழிந்த அவ்வாண்டுகளில் சிசுக்கள் வீணே மாண்டது மன்னிக்கத்தக்கதன்று.

ஆயினும், சேர்க்கப்படும் ஆய்வு பொய்யாயின் தொகுப்பும் பழுதாகும். ஜெர்மானிய மயக்கமருந்து நிபுணர் ஜோவாகிம் போல்ட்டின் கட்டுரைகள் 2011 முதல் பெருந்தொகையாகத் திரும்பப் பெறப்பட்டன. அவர் ஆராய்ந்த ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் கரைசல், கவலைக்கிடமான நோயாளருக்கு நரம்பு வழியே ஏற்றப்பட்டு வந்தது. அதனைப் பற்றிய 38 பரிசோதனைகளை 2013-இல் தொகுத்தோர், அவருடைய ஏழு ஆய்வுகளை நீக்கிக் கணக்கிட்டபோது, மரணமும் சிறுநீரகச் செயலிழப்பும் அக்கரைசலால் மிகுவது புலப்பட்டது.

ஓரிடத்து முடிவு வேறிடத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதும் எளிய வினாவன்று. சிசுக்களைக் காத்த அதே வகை ஸ்டீராய்டை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், வசதி குன்றிய இடங்களிலும் பரவலாக வழங்கிப் பார்த்த ஆய்வு, மொத்தச் சிசு மரணம் சற்றே மிகுந்ததென 2015-இல் அறிவித்தது. ஆகவே உலகச் சுகாதார நிறுவனம், வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில், ஸ்கேன் மூலம் கருவின் வயதைத் துணியவும் பிறந்த சிசுவைப் பேணவும் வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் மீண்டும் பரிசோதித்தது. 2020-இல் வெளியான அதன் முடிவின்படி, மருந்து பெறாத தாய்மாரின் சிசுக்களுள் நூற்றுக்கு 23.5 ஆக இருந்த மரணம், பெற்றவரிடத்து 19.6 ஆகக் குறைந்தது.