அடி இறக்கம்: பெயரற்ற ஒரு தசையின் வரலாறு

மட்டாஞ்சேரி அரண்மனையின் கீழ்த்தளச் சுவரில் கண்ணன் கோபியரோடு களித்திருக்கிறான். கூடலைத் தீட்ட ஓவியர் கூசவில்லை. கூடலுக்குத் துணைநிற்கும் தசையைச் சொல்லவே மொழிகள் கூசின.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஏந்துவது இடுப்புத்தளத் தசை. அப்பகுதியின் முதன்மை நரம்புக்கு மேலை உடற்கூற்றியல் இட்ட பெயர், 'வெட்கத்துக்குரியது' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

தமிழ்ப் பெண்கள் கருப்பைச் சரிவை 'அடி இறக்கம்' என்றனர். சுந்தரி ரவீந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட தமிழகக் கள ஆய்வு, அத்துயரைப் பெண்களின் வாய்மொழியிலேயே பதிவுசெய்தது.

அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இத்தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை முன்வைத்தார். மகப்பேற்றால் தளர்ந்த தசை வலுப்பெற்றால் சிறுநீர்க் கசிவு குறையும் என்றார். தாம்பத்திய இன்பத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1952இல் தனியே எழுதினார். தசை தளர்ந்தால் உணர்ச்சி மங்கும். ஓயாது இறுகினால் கூடலே வலியாகும். பின்னதற்கு இறுக்கம் தளர்த்தும் பயிற்சியே மருந்து.

நம் வழக்கு வீழ்ச்சிக்குப் பெயரிட்டது. தாங்கும் தசைக்குப் பெயரிடவில்லை. பெயரில்லாததால் மனைவி வலியை விதியென்கிறாள்; கணவன் அதை விருப்பமின்மை என்கிறான். இருவருக்கும் முதலில் தேவை ஒரு சொல்.